மிதித்தால் இழுக்காத வண்டி

கம்பெனி கேட்டுக்கு வெளியே லாரியை நிறுத்தியபோது, டிரைவர் தணிகாசலத்தின் முகம் சொந்தக்காரனுக்குக் கொள்ளி வைக்க வந்தவன் முகம்போல இருந்தது. அன்றைக்கு அந்த வண்டியை உடைக்கக் கொடுக்கிற நாள். எழுபத்தேழாம் வருஷம், தை மாதம். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற அந்தக் கம்பெனியின் வாசலில், இரும்பை அறுக்கிற கேஸ் கட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு ஆட்கள் பீடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியின் மேல் ஒரு லோடு பழைய இரும்பு. அதோடு சேர்த்து வண்டியும் உலைக்கு என்று முதலாளி வீரராகவன் பேசி முடித்திருந்தார். திருவள்ளூர்ப் பக்கம் நெல்லு போடுகிற குடும்பம். லாரி வாங்கினதே தப்பு என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவர்.

வண்டிக்கு வந்த நோய் அப்படி. காலையில் எடுத்தால் குதிரை. நாலைந்து மைல் போனதும் ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாலும் இழுக்காது. முக்கும், விக்கும், சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முந்திப் போவான். நிறுத்திவிட்டு நிதானமாக ஒரு டீ குடித்து வந்து எடுத்தால் மறுபடியும் குதிரை. பட்டறைக்குக் கொண்டுபோனாலோ, அங்கே ஒரு குறையும் இல்லாமல் ஓடிக் காட்டி டிரைவரின் மானத்தை வாங்கும். மேஸ்திரி அப்பாவு டீசல் பீச்சுகிற நாசலைக் கழற்றிக் கழுவினார். ஃபில்டரை மாற்றினார். பம்பை மெட்ராசுக்கு அனுப்பிச் சரிபார்த்தார். காற்று பற்றாவிட்டால் கரும்புகை அடிக்கும், இது புகையே விடவில்லை, இன்ஜின் டீசல் கிடைக்காமல் பட்டினி கிடக்கிறது என்பது வரைக்கும் சொன்னார். எங்கே அடைப்பு என்பதுதான் அவருக்கும் பிடிபடவில்லை.

முதலாளிக்குப் பிடிபட்டது. தணிகாசலம் குடித்துவிட்டு ஓட்டி இன்ஜினைக் கெடுத்துவிட்டான் என்று செவ்வாப்பேட்டை வரைக்கும் சொல்லி வைத்தார். பதினோரு வருஷம் அதே ஸ்டியரிங்கைப் பிடித்த மனுஷன். இந்த வண்டி உலைக்குள் போனால் அந்தப் பேரும் அவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும், வேறு எவனும் சாவியை நம்பிக் கொடுக்கமாட்டான். லோடு ஆள் செங்கல்வராயனுக்கு இது நன்றாகவே தெரியும். தன் சோறும் அந்த வண்டியில்தான் என்பதும் தெரியும்.

டீசலுக்கும் சேர்த்து விலை பேசவில்லை, டேங்கில் இருப்பதை டின்னில் இறக்கிவிடு என்று முதலாளி சொன்னார். செங்கல்வராயன் டின்னை எடுத்துக்கொண்டு டேங்கு அருகில் குனிந்தான். கூடவே முதலாளி உட்கார்ந்து வந்த ரோஷத்தில் தணிகாசலம் கடைசி மூன்று மைலும் மிதித்த காலை எடுக்காமல்தான் வந்திருந்தார். வண்டி நின்று இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மூடி வர மறுத்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினான். 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. விரலிடுக்கில் ஓடிய அந்தக் காற்றைச் செங்கல்வராயன் உணர்ந்தான். வழக்கமாக இரவெல்லாம் நின்ற வண்டிக்குத்தான் காலையில் டீசல் பிடிப்பார்கள். அப்போது இந்தச் சத்தம் கேட்டதே இல்லை.

மூடியைத் திருப்பிப் பார்த்தான். நடுவில் குண்டூசி நுழைகிற அளவுக்கு இருந்த துளையில் தேன் நிறத்தில் குங்கிலியம் இறுகிக் கிடந்தது.

அதை வைத்தவன் அவனேதான். ஐப்பசி மழையில் தரைப்பாலத்து வெள்ளம் டேங்குக்கு மேலே ஏறி, டீசலில் தண்ணீர் கலந்து, ஒரு நாள் பொழப்பு கெட்டது. மறுநாள் மூடியில் அந்தத் துளையைக் கண்டான். பழவேற்காட்டு ஏரியில் படகு விட்டுப் பிழைத்த குடும்பம் அவனுடையது. அங்கே ஓட்டையைக் கண்டால் யாரையும் கேட்கமாட்டார்கள். எண்ணெயில் குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்துவிட்டுத்தான் கஞ்சி குடிப்பார்கள். அவனும் அப்படியே செய்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற சேதியாக அவனுக்குத் தோன்றவே இல்லை.

டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வழியை அடைத்தாயிற்று. இன்ஜின் டீசலை இழுக்கிறது, டேங்கு பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. டீ குடிக்கிற நேரத்தில் காற்று எங்கெங்கோ கசிந்து உள்ளே வந்துவிடுகிறது. எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது.

கேஸ் கட்டர் ஆள் பீடியை அணைத்துவிட்டு எழுந்தான். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் சாயங்காலத்துக்குள் மூடியும் உருகிவிடும், குங்கிலியமும் உருகிவிடும். யாருக்கும் தெரியாது. செங்கல்வராயன் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு முதலாளி எதிரில் போய் நின்றான்.

"மொதலாளி, வண்டிய தொட வேணாம்னு சொல்லுங்க. தப்பு அண்ணாத்த மேல இல்ல. நாந்தான் அடைச்சேன்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் தணிகாசலம் மூடியைப் பிடுங்கிக்கொண்டார். துளையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், ஓடிப்போய் ஒரு மெல்லிய ஆணியை எடுத்து வந்து குத்தினார். குங்கிலியம் சில்லுச் சில்லாய்த் தெறித்தது. துளையில் வாயை வைத்து ஊதினார்.

"மூணு மாசமாடா. மூணு மாசம் என் உயிர எடுத்தியே, பாவி. இது இன்னா உன் தோணியாடா?"

அடிப்பார் என்று செங்கல்வராயன் கண்ணை மூடினான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதலாளி நம்பவில்லை. ஒரு பொட்டு ஓட்டைக்கும் அவ்வளவு பெரிய இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். தணிகாசலம் மூடியை டேங்கில் போட்டுத் திருகிவிட்டு, எளாவூர் போய்த் திரும்புவோம், லோடு அப்படியே இருக்கட்டும், வழியில் முக்கினால் என்னையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள் என்றார்.

மூன்று பேரும் ஏறினார்கள். ஒரு மைல், இரண்டு மைல். நாலாவது மைல் வந்தது. வழக்கமாகச் சாகிற இடம் அதுதான். பாலத்து ஏற்றம் எதிரே நின்றது. தணிகாசலம் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினார். இன்ஜின் உறுமியது. உறுமல் குறையவே இல்லை. மேலே இரும்பெல்லாம் தடதடவென்று குதிக்க, வண்டி ஏற்றத்தை ஒரே மூச்சில் விழுங்கியது. முன்னால் போன பஸ்ஸை ஓரங்கட்டியபோது முதலாளி இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா போ, தணிகாசலம். பாத்துப் போப்பா" என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் வாயில் டிரைவரின் பேர் மரியாதையாக வந்தது. செங்கல்வராயன் ஜன்னல் பக்கம் திரும்பிக் காற்றை வாங்கிக்கொண்டான்.

எளாவூரில் நிற்காமலே திருப்பிக்கொண்டு வந்தார்கள். கேட்டில் கட்டர் ஆட்கள் எழுந்து நின்று, எதிலிருந்து ஆரம்பிக்கிறது என்று கேட்டார்கள்.

வீரராகவன் கீழே இறங்கி, வேட்டியை உதறிக் கட்டினார்.

"மேல கெடக்கிறத மட்டும் எறக்குங்க" என்றார். "சீக்கிரம் ஆவட்டும். வண்டிக்கு வேலை இருக்குது."