கண்டக்டரம்மாவின் விசில்

"நாற்காலியை நகர்த்தும்மா, ஆளுங்க போக வர வழி வேணாமா?" என்றார் சின்ன மாமனார். மருமகள் அதன் கைப்பிடியை விடாமல் நின்றாள். வாசலை அடைத்து அதில் உட்கார்ந்திருக்கும் அத்தை இப்போது கூடத்தில் கிடந்தாள். விடியற்காலையில் உயிர் போயிருந்தது.

தெருவுக்கே அவள் கண்டக்டரம்மா. பஸ் வேலை முடிந்தும் கழுத்து விசிலைக் கழற்றாதவள். பெற்ற மகன் கட்டியவளின் கையை முறித்தபோது, அத்தையே சாட்சி சொல்லி, அவன் இந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாதென்று கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்கித் தந்தாள். அப்படியும் அவன் தெருமுனையில் தலைகாட்டினால் விசில் பறக்கும். "டிக்கெட் இல்ல, இறங்குடா!" தெருவே சிரிக்கும். அவன் வந்த வழியே போய்விடுவான்.

அந்த உத்தரவு இன்றோடு முடிகிறது. நீட்டிக்கச் சொல்லிப் போட்ட மனு இன்று காலைதான் விசாரணைக்கு வருகிறது.

"பொணத்தைப் போட்டுட்டு கோர்ட்டுக்கா? நாளைக்குத்தான எடுக்கறோம், அவன் வரட்டுமே. பெத்தவ முகத்தைப் பாக்க வேணாமா?"

"மயானத்துல பாக்கட்டும் மாமா. இந்த வாசல் வேணாம்."

"நல்ல கல்நெஞ்சும்மா உனக்கு."

சுருக்கென்றது. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கோர்ட்டில் அவன் தரப்பு வக்கீல், உத்தரவு போட்ட நாளிலிருந்து ஒரு புகார்கூட இல்லையே என்றார். நீதிபதி அவளைப் பார்த்தார்.

"அவர் வந்தாராம்மா?"

"வருவாருங்க. அத்தை விசில் ஊதுவாங்க, போயிடுவாரு."

"அப்பவே ஏன் புகார் கொடுக்கல?"

"அத்தைதான் இருக்காங்களேன்னு இருந்துட்டோம்."

"அவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"காலையில செத்துட்டாங்கய்யா."

சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. எதிர்ப்பக்கம் நின்றவன் தலையைத் தூக்கவேயில்லை. உத்தரவு இன்னும் இரண்டு வருடத்துக்கு நீண்டது. தாயின் முகத்தை மயானத்தில் போலீஸ் முன்னிலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் நீதிபதி.

மறுநாள் எல்லோரும் மயானத்துக்குப் போனபின் வீடு வெறிச்சென்று கிடந்தது. நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அத்தையின் கழுத்திலிருந்து கழற்றிய விசில் கையில் இருந்தது. அதன் முனையில் பல் பதிந்த தடம்.

தெருமுனையில் ஒரு பைக் வேகம் குறைந்தது. அவள் விசிலைத் துடைக்காமல் வாயில் வைத்துக்கொண்டாள்.