அட்டை மாப்பிள்ளை வெளியே போன சனிக்கிழமை

அந்தக் கடைக்குள் நுழைந்தால் இடது பக்கம் ஒரு கல்லா, வலது பக்கம் ஒரு கல்லா, நடுவில் ஆளுயரத்துக்கு ஓர் அட்டை மனிதன். பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்காகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனவன். கையில் பிரஷ், முகத்தில் முப்பத்திரண்டு பல். குழாய், பூட்டு, ஆணி, பெயிண்ட், கழிப்பறைப் பீங்கான் என்று வீடு கட்டுகிறவனுக்கு வேண்டிய சகலமும் விற்கிற கடை அது. அங்கே பதினான்கு மாதமாக ஓயாமல் உழைத்தவர் யார் என்று கேட்டால், சத்தியமாக அந்த அட்டை ஆசாமிதான்.

காரணம் இருக்கிறது. இடது கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் மூத்தவள், வலது கல்லாவில் இளையவள். கடைக்கு முதலாளிகளான அண்ணன் தம்பி இருவருக்கும் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். இருவருக்குள்ளும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் வியாபாரம் நடக்க வேண்டுமே! சில்லறை வேண்டும், கத்தரிக்கோல் வேண்டும், பில் ரோல் தீர்ந்துபோகும். அதற்கெல்லாம் நடுவில் நிற்கிறவன்தான் தூது.

"அட்டை மாப்பிள்ளை, ஐநூறுக்குச் சில்லறை இருக்கான்னு கேளு" என்பாள் மூத்தவள், அவனுடைய ஒரு காதைப் பார்த்து.

"இருந்தா கொடுக்க மாட்டேனான்னு கேளு, அட்டை மாப்பிள்ளை" என்பாள் இளையவள், இன்னொரு காதைப் பார்த்து.

புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். பழைய வாடிக்கையாளர்களுக்குப் பழகிவிட்டது. சிலர் அவர்களே அவனிடம் விலை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சண்டைக்கு மூலம் ஒரு குழாய். மூத்தவள் ஓர் ஆளிடம் விலை சொல்லிக்கொண்டிருந்தபோது, "அக்கா, அது பழைய விலை, தப்பு" என்று இளையவள் அந்தப் பக்கத்திலிருந்து கூவிவிட்டாள். வாங்க வந்தவன் மூத்தவளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். இருபது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவளுக்கு மூக்கு உடைந்ததுபோல ஆகிவிட்டது. அன்று வாயை மூடியவள்தான். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று இளையவள் விட்டுப் பிடித்தாள். மூன்றாம் நாள் அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், கோபம் எல்லாம் மூத்தவளுக்கு ஒரு மாதத்திலேயே வற்றிவிட்டது. வற்றாதது வேறு ஒன்று. முன்பெல்லாம் இருவரும் கடைக்கு வருகிறவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பார்கள். ஒரு திருகாணி வாங்கினாலும் பத்து சதவீதம் தள்ளுபடி கேட்டு மல்லுக்கு நிற்கும் பெருந்தொந்தி மனிதர் 'பத்து பர்சன்ட் பெரியப்பா'. எதை எடுத்தாலும் காதருகே வைத்து ஆட்டிப்பார்ப்பவர் 'காதுப் பரிசோதகர்'. ஆள் படியிறங்கியதும் இரண்டு பேரும் கல்லாவில் தலையை வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். இந்தப் பதினான்கு மாதத்திலும் மூத்தவள் மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. வைத்து என்ன பிரயோஜனம், சொல்ல ஆள் வேண்டாமா? புருஷனிடம் ஒருநாள் சொல்லிப்பார்த்தாள். அவர், "பாவம், அப்படியெல்லாம் சொல்லக்கூடாது" என்றார். அந்த மனுஷனோடு என்னத்தைச் சிரிப்பது!

அண்ணனும் தம்பியும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். கடைக்கு நடுவில் சுவர். குழாய்ப் பக்கம் அண்ணனுக்கு, பெயிண்ட் பக்கம் தம்பிக்கு. "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா செவுரு வேண்டாம். இல்லைன்னா திங்கக்கிழமை செங்கல் இறங்கும்" என்று வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்து அண்ணன் சொன்னார். மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. சுவர் வந்துவிட்டால் அந்தப் பக்கத்துத் தும்மல்கூடக் காதில் விழாது. இருந்தாலும் நான் ஏன் முதலில் வாயைத் திறக்க வேண்டும் என்று தட்டைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில், அதே வாரம் புதன்கிழமை, கடைக்குக் கார்டு மெஷின் இரண்டு வந்திருந்தது. மாட்ட வந்த டெக்னீஷியன் விளக்கமாகத்தான் சொன்னார்.

"மேடம், இது பழைய மெஷின் மாதிரி இல்ல. நீங்க தொகையை இதுல அடிக்கவே வேண்டாம். கல்லா கம்ப்யூட்டர்ல பில் போட்டு கார்டுன்னு அழுத்தினா, தொகை தானா மெஷினுக்கு வந்துடும். ஒண்ணாம் கல்லாவுக்கு ஒண்ணாம் மெஷின், ரெண்டாம் கல்லாவுக்கு ரெண்டாம் மெஷின். பார்க்க ரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும், அதான் நம்பர் ஒட்டியிருக்கேன். தயவுசெஞ்சு மாத்திடாதீங்க."

அவர் தெருவைத் தாண்டுவதற்குள் இளையவள் தன் மெஷினில் ஒட்டியிருந்த '2' என்ற ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள். இந்தக் கடையில் நான் என்ன இரண்டாம் நம்பரா என்று அவளுக்கு. மூத்தவள் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள். அவளுக்கே நம்பர் வேண்டாம் என்றால் எனக்கு மட்டும் எதற்கு என்று தன்னுடைய '1'ஐயும் கிழித்து எறிந்தாள். உலகத்தில் எத்தனையோ கடையில் இந்த மெஷின் இருக்கிறது. ஸ்டிக்கரோடு மானப் பிரச்சினை வைத்துக்கொண்டவர்கள் இந்த இரண்டு பேராகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மெஷினையும் பின்னாலிருந்த ஒரே பிளக் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். மூத்தவள் முதலில் திரும்பிவந்து கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டாள். இளையவள் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டாள். இரண்டும் மாறிப்போனது இரண்டு பேருக்கும் தெரியாது.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. மூத்தவள் ஒரு பூட்டுக்குப் பில் போட்டு கார்டு என்று அழுத்தினால், அவள் கையிலிருந்த மெஷின் கல்லுளிமங்கனாட்டம் சும்மா இருக்கிறது. அங்கே இளையவள் மெஷின் 'கிங்' என்கிறது. இதென்ன நான் பில்லே போடவில்லையே என்று இளையவள் சிவப்புப் பட்டனை அழுத்த, மூத்தவளின் கம்ப்யூட்டர் திரையில் 'ரத்து' என்று வருகிறது. அடுத்த நிமிஷம் இளையவள் ஒரு டப்பா பெயிண்டுக்கு அழுத்தினால் மூத்தவள் மெஷின் கூவுகிறது. அவள் சும்மா விடுவாளா? அவளும் சிவப்பு. இப்படி அரை மணி நேரம் மாற்றி மாற்றி ரத்து செய்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் திட்டிக்கொண்டே பையைத் துழாவி நோட்டாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"அட்டை மாப்பிள்ளை, புது மெஷினுக்கும் திமிர் ஜாஸ்தின்னு சொல்லு" என்றாள் மூத்தவள்.

"வெச்சிருக்கற ஆளைப் பொறுத்துன்னு சொல்லு" என்று பதில் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் சுவர் கட்டப்போகிற கொத்தனார் அளவெடுக்க வந்து சேர்ந்தார். அளவெடுக்க வந்த மனிதர் அளவு டேப்பைக் கொண்டுவரவில்லை. "மறந்துட்டேன்" என்று சிரித்துவிட்டு, கடையிலிருந்தே புது டேப் ஒன்றை உறை பிரித்து எடுத்துக்கொண்டார். சுவர் வரப்போவது சரியாக அட்டை மாப்பிள்ளை நிற்கிற இடத்தில். அதனால் அவனை அலாக்காகத் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே நடைபாதையில் நிறுத்திவிட்டு வந்தார். பிறகு தரையில் மண்டியிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சாக்பீஸால் வெள்ளைக் கோடு ஒன்று போட்டார். மூத்தவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளையவள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை, ஒரே பில்லை நாலு தடவை மடித்துக்கொண்டிருந்தாள்.

அளந்து முடித்த கொத்தனார் டேப்புக்குப் பணம் கொடுக்க மூத்தவளிடம் வந்தார். விலை நூற்றெண்பது. கார்டை நீட்டினார். அதே நேரத்தில் வலது பக்கம் பத்து பர்சன்ட் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் பேரம் பேசி ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் வாங்கியிருந்தார். பதினெட்டாயிரத்து நானூறு. அவரும் கார்டைத்தான் நீட்டினார்.

இரண்டு ஓரகத்திகளும் ஒரே நொடியில் அழுத்தினார்கள். இரண்டு மெஷினும் ஒரே நொடியில் 'கிங்' என்றன.

அப்பாடா, வேலை செய்கிறது என்று மூத்தவள் மெஷினைக் கொத்தனார் பக்கம் திருப்பினாள். பின் நம்பர் கேட்டது. கொத்தனார் உஷாரான பேர்வழி. நம்பரை அழுத்தும்போது யாராவது எட்டிப்பார்க்கிறார்களா என்று கடை முழுக்கச் சுற்றிப் பார்த்தார், மெஷினை மட்டும் பார்க்கவில்லை. பெரியப்பாவோ மெஷினைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் கார்டை மெஷின்மேல் தொட்டு எடுத்தார். இரண்டு பக்கமும் பில் அழகாக வந்து விழுந்தது.

கொத்தனாரின் போனில் மெசேஜ் வந்தது. படித்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி படித்தார்.

"என்னம்மா இது, ஒரு டேப்பு பதினெட்டாயிரமா? இதுல அளந்தா செவுரு தானா எழும்பிடுமா?"

மூத்தவள் போனை வாங்கிப் பார்த்தாள். மண்டைக்குள் டெக்னீஷியன் குரல் கேட்டது. ரட்டைப் பிள்ளை. மாத்திடாதீங்க. சுரண்டிப்போட்ட ஸ்டிக்கர் ஞாபகம் வந்தது. அரை மணி நேரமாக இரண்டு பேரும் ரத்து செய்தது யாருடைய பில்லை என்பதும் புரிந்தது. நிமிர்ந்து பார்த்தால், பெரியப்பா அந்த டாய்லெட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு, தொந்தி குலுங்க வாசலை நோக்கி விரைந்துகொண்டிருக்கிறார். அத்தனை வேகமாக அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை.

"அட்டை மாப்பிள்ளை..." என்று திரும்பினாள். அங்கே அவன் இல்லை. சாக்பீஸ் கோடுதான் இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இளையவளின் முகம், எதுவும் புரியாமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

பதினான்கு மாத ரோஷம் எங்கே போயிற்றோ தெரியாது. மூத்தவள் எழுந்து நின்று கத்தினாள்:

"அடியே! பத்து பர்சன்ட் பெரியப்பா நம்மளை மொட்டையடிச்சிட்டுப் போறாருடி! பிடி!"

கடையே திரும்பிப் பார்த்தது. பெரியப்பாவும் திரும்பிப் பார்த்தார். இளையவள் கண் இமைக்கும் நேரம்கூட யோசிக்கவில்லை.

"எங்கக்கா போவாரு? அந்தக் கதவை இழுத்துத் திறக்கணும்னு அவருக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு?"

பெரியப்பா கதவைத் தோளால் முட்டிக்கொண்டிருந்தார். டாய்லெட்டைக் கீழே வைத்தால்தான் இழுக்க முடியும், கீழே வைக்கத்தான் மனசு வரவில்லை. இளையவள் தன் மெஷினில் வந்த பில்லைப் பார்த்துக்கொண்டே ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"சார், பில் நூத்தெண்பதுக்கு வந்திருக்கு."

"தள்ளுபடி போட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார் அவர், முகத்தில் ஈயாடவில்லை.

"தொண்ணூத்தொன்பது பர்சன்டா?"

"யாரும்மா பத்து பர்சன்ட் பெரியப்பா?"

"அதெல்லாம் மெஷின்ல தப்பா வந்துடுச்சு சார், வாங்க" என்று அவரைக் கல்லாவுக்கு இழுத்துக்கொண்டுவந்தாள். இரண்டு பேருக்கும் எடுத்த தொகையைத் திருப்பிப் போட்டு, மறுபடி சரியாக எடுத்து முடிக்க பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்கு முன்னால் மெஷின்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, இரண்டு பேர் கையிலும் மெஷின். அப்போதுதான் பேசிவிட்டோம் என்பதே இருவருக்கும் உறைத்தது.

"அன்னிக்கு நான் சொன்ன விலை தப்புன்னு சொன்னே இல்ல?" என்றாள் மூத்தவள்.

"தப்புதானே அக்கா."

"தப்புதான்னு எனக்கும் தெரியும்டி. ஆள் போனப்புறம் சொல்லியிருந்தா என்ன?"

இளையவள் கீழே பார்த்தாள். "சொல்லியிருக்கலாம்" என்றாள். பிறகு, "நானும் எத்தனை நாள் வாய்வரைக்கும் வந்து முழுங்கினேன் தெரியுமா?" என்றாள். மூத்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க மெஷினை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

கொத்தனார் தொண்டையைச் செருமினார். "அப்போ திங்கக்கிழமை செங்கல்?"

"வேண்டாம்" என்றார்கள் இரண்டு பேரும்.

"அளவு எடுத்தாச்சேம்மா!"

"எடுத்த அளவை நீங்களே வெச்சுக்குங்க, நாங்க எதுவும் கேட்க மாட்டோம்" என்றாள் மூத்தவள்.

"சரி, இந்த டேப்பையாவது திருப்பி எடுத்துக்குவீங்களா?"

இளையவள் சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினாள். உறை பிரித்த பொருள் திருப்பி எடுக்கப்படாது. கொத்தனார் டேப்பைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போனார். போகும்போது சாக்பீஸை மறந்துவிட்டுப் போனார்.

"மறதி மேஸ்திரி" என்றாள் மூத்தவள், வாய் அசையாமல்.

இளையவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. "பெயிண்ட் பக்கம் வருவாரே, சாயம் பூசின மீசைக்காரர், அவருக்கு என்ன வெச்சீங்க?"

"ரெண்டு கோட்டிங்."

"ஐயோ, நானும் கிட்டத்தட்ட அதேதான்!"

மூத்தவள் பில் மெஷினைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டு கேட்டாள்: "எனக்கு என்னடி பேரு வெச்சிருந்தே?"

"வேண்டாம் அக்கா."

"சும்மா சொல்லு."

"சொன்னா இன்னொரு பதினாலு மாசம் பேச மாட்டீங்க."

"செவுரு கட்டறவரு தெருமுனை தாண்டிட்டாரு. பயப்படாம சொல்லு."

இளையவள் தயங்கினாள். "அட்டை மாப்பிள்ளை சம்சாரம்."

மூத்தவள் நிமிர்ந்தாள்.

"காலைல வந்ததும் அவன் தோள்ல தூசி தட்டிவிடுவீங்களே, அதான்..."

"நீ மட்டும் என்ன? என் புருஷன் தம்பிகிட்டப் பேசினதைவிட அவன்கிட்டதானே அதிகம் பேசினே?" மூத்தவள் ஒரு கணம் யோசித்தாள். "அப்ப நாம ஓரகத்தி இல்லடி. சக்களத்தி."

இளையவள் கல்லாமேல் தலையை வைத்துவிட்டாள். தோள் இரண்டும் குலுங்கின. பதினான்கு மாதமாகக் கேட்காத சிரிப்பு அது. மூத்தவள் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தானும் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பல்பு வாங்க வந்த ஒருவர் கையில் கார்டோடு இடது கல்லாவையும் வலது கல்லாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க அட்டை ஆள் வெளியே வெயில்ல நிக்கிறாரே, உள்ளே தூக்கிட்டு வரட்டுமா?"

மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "கொஞ்ச நேரம் நிக்கட்டும் சார். பாவம், பதினாலு மாசமா லீவே எடுக்கல."