பாப்பா விழுந்த சுவர்

மூன்று நாட்களாக, மொத்தம் பத்தொன்பது மணி நேரம், ஐந்து பேர் ஒரே சுவரில் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரியாகச் சொன்னால், முட்டிக்கொண்டிருந்தது பாப்பா. வீடியோ விளையாட்டின் நாயகிக்கு அவர்கள் வைத்த பெயர் அது. செம்பட்டை முடி, முதுகில் துடுப்பு, முழங்காலில் ஒரு கட்டு. அவளுடைய நிஜப் பெயரை வெளியில் சொல்ல மாட்டோம் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். உள்ளேயும் சொல்லாமல் பழகினால் வெளியே வாய் தவறாது என்று, அவர்களில் ஒருவனான ஸ்ரீரங்கன்தான் பாப்பா என்று ஆரம்பித்து வைத்தான். கன்சோல் இருக்கும் வீடுகளில் எல்லாம் இந்த விளையாட்டின் மூன்றாம் பாகத்துக்காகக் காத்திருந்தார்கள். அது கடைக்கு வருவதற்கு முன்னால், சிறுசேரியில் ஏழாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் இந்த ஐந்து பேர் அதை விளையாடி, எங்கெங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். கோளாறுக்கு அங்கே பக் என்று பெயர்.

இந்த பக் துறைமுகத்தில் இருந்தது. மீன் ஏலம் போடும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கல் சுவர். செவ்வாய்க்கிழமை மதியம் பாப்பா அந்தச் சுவருக்குள் நழுவி, தரையைத் தாண்டி, கடலுக்கும் கீழே போய், ஒன்றுமே இல்லாத சாம்பல் நிறத்தில் விழுந்துகொண்டே இருந்தாள். ஜெயப்ரியாவின் திரையில், ஒரே ஒரு முறை. விளையாட்டை உருவாக்கிய வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு, இதைச் சரிசெய்யாமல் விற்பனைக்கு விட முடியாது, எப்படி வரவைத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு அது வரவே இல்லை.

எப்படி வந்தது என்று ஜெயப்ரியாவுக்குத் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை.

திங்கட்கிழமை ராத்திரி மாடம்பாக்கத்தில் அவள் வீட்டில் கரண்ட் இல்லை. கொசுவுக்கு விசிறிக்கொண்டே விடிந்துவிட்டது. காலை ஆறே முக்காலுக்கு ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் கம்பெனி வேன். மதியம் அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதம். சாப்பிட்டு வந்து இரண்டு மணிக்கு ஏசியில் உட்கார்ந்து, பாப்பாவை அந்தச் சுவரோரமாக நடத்திப் பார்க்க ஆரம்பித்தாள். எங்காவது கை உள்ளே போகிறதா, கால் சிக்குகிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்கிற வேலை. ஹெட்போனில் அலைச் சத்தம். அப்புறம் ஓர் அலறல் கேட்டது. கண்ணைத் திறந்தபோது பாப்பா விழுந்துகொண்டிருந்தாள். மணி மூன்றடிக்கப் பத்து நிமிடம். அவளுடைய இடது கட்டைவிரல் மட்டும் கன்ட்ரோலரின் ஸ்டிக்கைப் பாதியளவு தள்ளியபடியே இருந்தது.

விரல் நழுவியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் விளையாட்டு தானாக நின்றுவிடும். அது நழுவவில்லை. போதாததற்கு, திடுக்கிட்டு விழித்த வேகத்தில் அவள் கை பழக்கதோஷத்தில் வீடியோ பொத்தானை அழுத்திவிட்டது. எது நடந்தாலும் முதலில் அதை அழுத்து, அப்புறம் யோசி என்பது அங்கே முதல் வாரப் பாடம். அழுத்தினால் கடைசிப் பதினைந்து நிமிடம் பதிவாகி டீமில் எல்லோருக்கும் போய்விடும். போய்விட்டது.

புதன்கிழமை காலை டீம் லீட் ராகவேந்திரா அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். பதினைந்து நிமிடமும் பாப்பா சுவரைப் பார்த்து நின்று, மெல்ல மெல்லக் காலை எடுத்து வைத்து, ஓரடி கூட நகராமல் நடந்துகொண்டிருந்தாள். குதிக்கவில்லை, திரும்பவில்லை. ராகவேந்திரா ஓசூர்க்காரர். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். இந்தப் பொறுமையைப் பாருங்கள், இதுதான் டெஸ்டிங், மற்றவர்கள் எல்லாம் ஒரு சுவருக்கு ஒரு நிமிடம் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். ஸ்ரீரங்கன் எழுந்து நின்று கைதட்டினான். ஜெயப்ரியா தரையைப் பார்த்தாள். அவள் எதற்கும் தரையைத்தான் பார்ப்பாள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு அவர், அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு முன்னால் என்ன செய்தாய் என்று கேட்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம்தான் டீமில் இருந்த எழிலுக்கு வேலை போயிருந்தது. காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு மேசையில் ஐந்து நிமிடம் தலைசாய்த்தான். மேலிடத்திலிருந்து வந்த யாரோ பார்த்துவிட்டார்கள். மறுநாள் காலை அவன் ஐடி கார்டை வைத்துப் பார்த்தும் கதவு திறக்கவில்லை. ராகவேந்திரா எவ்வளவோ பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. இப்போது எழில் ராஜகீழ்ப்பாக்கத்தில் மாமாவின் செல்போன் கடையில் உட்கார்ந்து போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறான். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது கையசைப்பான்.

ஜெயப்ரியாவுக்குச் செல்போன் கடை வைத்திருக்கும் மாமாவும் கிடையாது. பிஎஸ்சி இயற்பியல் முடித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் வங்கித் தேர்வுக்குப் படித்தவள். அப்பா ஜாதகத்தை எடுத்துக்கொண்டு தாம்பரம் தரகரிடம் கிளம்பிய வாரம் இந்த வேலை கிடைத்தது. வேலையில் இருக்கும் வரை அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று அவர் ஜாதகத்தை மறுபடி பீரோவில் வைத்துவிட்டார். பூட்டவில்லை.

அதனால் அவள், கலங்கரை விளக்கம் வரை போய்வந்தேன் என்று சொன்னாள்.

ராகவேந்திரா வெள்ளைப் பலகையில் எழுதினார். அப்புறம் என்று கேட்டார். மீன்காரியிடம் பேசினேன் என்றாள். எந்த மீன்காரி? நீலச் சட்டை. என்ன பதில் சொன்னாய்? இரண்டாவது பதில். அவர் எல்லாவற்றையும் எழுதி, வரிசை எண் போட்டு, கீழே கோடு இழுத்தார். அவள் சும்மா சொன்னதுதான். ஆனால் பலகையில் ஏறியதும் அதற்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஐந்து பாப்பாக்களும் கலங்கரை விளக்கத்துக்குப் போனார்கள். நீலச் சட்டை மீன்காரியிடம் பேசினார்கள். திரும்பி வந்து சுவரில் பதினைந்து நிமிடம் முட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது பதிலுக்குப் பதில் மூன்றாவது சொல்லிப் பார்த்தார்கள். மழை நாளில் போனார்கள். படகில் போனார்கள். ஸ்ரீரங்கன் ஸ்டிக்கில் ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனான். ரப்பர் பேண்ட் முழுசாக இழுத்ததால் பாப்பா நடக்காமல், சுவரில் மோதி மோதி ஓடினாள். அவன் திரும்பி வந்தபோது அதே இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாள்.

“இவளுக்கு நம்மள விட சம்பளம் கம்மிடா. பாவம், எப்படி ஓடுது பாரு,” என்றான்.

ஜெயப்ரியா தானே அதை வரவைத்துவிடலாம் என்று நினைத்தாள். மறுபடி ஒரு முறை வந்துவிட்டால், அதற்கு ஏற்றபடி ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். புதன் மதியம் ஸ்டிக்கைப் பாதியளவு தள்ளிப் பிடித்தாள். எட்டாவது நிமிடத்தில் விரல் நடுங்கியது, பாப்பா ஓட ஆரம்பித்தாள். மறுபடி பிடித்தாள். பன்னிரண்டாவது நிமிடத்தில் மூக்கு அரித்தது. விழித்திருக்கிற மனுஷியால் ஐம்பது நிமிடம் ஒரு விரலை அப்படியே வைத்திருக்க முடியாது. வியாழக்கிழமை தூங்கியே பார்த்துவிடுவது என்று இரண்டு டப்பா தயிர்சாதம் கொண்டுவந்து இரண்டையும் தின்றாள். கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்தாள். பின்னால் யார் நடந்தாலும் காது நிமிர்ந்தது. வாழ்க்கையில் அவ்வளவு விழிப்பாக அவள் இருந்ததே இல்லை.

ஒரு மணி நேரம் முட்டிப் பார்க்கலாமா சார் என்றும் கேட்டுப் பார்த்தாள். வீடியோவில் பதினைந்து நிமிடம்தானே, அதற்கு முன்னால்தான் நீ கலங்கரை விளக்கத்தில் இருந்தாயே என்றார் ராகவேந்திரா. அவளுடைய பொய்யே அவளுக்கு வழியை மறித்துக்கொண்டு நின்றது.

கல்லூரியில் படித்தபோது சேலையூரில் பெரியம்மா பையன் வீட்டில் இந்த விளையாட்டின் முதல் பாகத்தை அவள் விளையாடியிருக்கிறாள். சண்டை போடத் தெரியாது. எதிரியைக் கண்டால் கன்ட்ரோலரைப் பெரியம்மா பையனிடம் கொடுத்துவிடுவாள். ஆனால் படகை நடுக்கடலில் நிறுத்திவிட்டுப் பொழுது விடிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏதாவது செய்யேன் என்று அவன் கத்துவான். செய்ய ஒன்றுமில்லாத அந்த நேரம்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. இப்போது அதே கடலில் எந்த அலைக்குப் பிறகு எந்த அலை வரும் என்று தெரியும். பன்னிரண்டு விநாடிக்கு ஒரு முறை அதே அலை, அதே நுரை. விசேஷ வீடுகளில் சித்தப்பா, உனக்கென்னம்மா, விளையாடுறதுக்குச் சம்பளம் என்பார். அவள் சிரித்து வைப்பாள்.

அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி ஜாஸ்மின். கிழக்குத் தாம்பரம். வேனில் பக்கத்து இருக்கை, டீமிலும் பக்கத்து இருக்கை. ஜெயப்ரியா ஒரு நாளைக்குப் பேசும் பேச்சில் முக்கால்வாசி அவளிடம்தான். ஜாஸ்மினின் அக்காவுக்கு மூன்று மாதக் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கோவிலில் ஞானஸ்நானம், ஜாஸ்மின்தான் ஞானத்தாய். ஒரு மாதமாக இதே பேச்சு. வெள்ளிக்கிழமை காலை வேனில், தையல்காரரிடமிருந்து வாங்கிய குட்டி வெள்ளை கவுனைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும் தோள்பட்டை. கழுத்தில் லேஸ் குத்துமா என்று ஜெயப்ரியாவின் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். குத்தவில்லை.

அன்று பதினொன்றரைக்கு ராகவேந்திரா எல்லோரையும் பலகைக்கு முன்னால் கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது. திங்கட்கிழமை காலைக்குள் வழி சொல்லியாக வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டது, அதனால் சனி ஞாயிறு இரண்டு நாளும் எல்லோரும் வரவேண்டும், ஏற்கெனவே கொடுத்த லீவும் இல்லை என்றார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஸ்ரீரங்கன் நாற்காலியில் சரிந்துகொண்டான். மறுபடியும் அந்த மீன்காரியா, அவள் வீட்டு ரேஷன் கார்டில் என் பேரைச் சேர்த்துவிடுங்கள் என்றான். யாரும் சிரிக்கவில்லை. ஜாஸ்மின் மட்டும் கையைத் தூக்கினாள்.

“சார், சண்டே அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். நான் இல்லாம நடத்த மாட்டாங்க சார்.”

“தெரியும் ஜாஸ்மின். நான் கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க.” அவர் கையிலிருந்த பேனாவை மூடித் திறந்தார். “ஒண்ணு பண்ணலாம். இன்னைக்கு அஞ்சரைக்குள்ள பக் வந்துட்டா, யாரும் வர வேண்டாம். ஒரு தடவை வரவைச்சது ஜெயாதான். அவங்கதான் மனசு வைக்கணும்.”

எல்லோரும் ஜெயப்ரியாவைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். தரையில் ஜாஸ்மினின் பை. ஜிப் முழுதும் மூடாமல், வெள்ளை லேஸ் ஒரு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஜாஸ்மின் அவள் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“நல்லா யோசிச்சுப் பாருடி. மீன்காரிகிட்ட பேசினதுக்கு அப்புறம் வேற எங்கயாவது போனியா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லு.”

“எங்கயும் போகல.”

“நேரா சுவருக்குத்தான் வந்தியா?”

“சுவர்லதான் இருந்தேன். மீன்காரிகிட்டயே போகல.”

ராகவேந்திரா பலகையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். ஸ்ரீரங்கன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கலங்கரை விளக்கத்துக்காவது போனாயா என்று யாரோ கேட்டார்கள். அவள் தலையசைத்தாள். இல்லை.

ராகவேந்திரா பலகையில் இருந்ததை எல்லாம் அழித்தார். கலங்கரை விளக்கம் போனது, மீன்காரி போனாள், நீலச் சட்டையும் இரண்டாவது பதிலும் போயின. பச்சை மசி லேசாகப் படிந்து நின்றது. அவர் பேனாவைத் திறந்து, மேலே ஒன்று என்று மட்டும் எழுதிவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“சரி. ஸ்டெப் ஒண்ணு என்ன, ஜெயா?”

கதவோரம் இருந்த ஐடி கார்டு பெட்டியில் சிறிய பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“ரெண்டு மணிக்கு ஸ்டிக்ல கை வச்சேன். அப்படியே தூங்கிட்டேன் சார். அம்பது நிமிஷம்.”