எந்தக் கூட்டமுங்க?

காளிச்சாமி கிணத்துக்கடவுப் பக்கத்து ஊர்க்காரன். விடியுமுன் கிளம்பி, உக்கடத்தில் பஸ் மாறி, பீளமேட்டு பம்ப்செட் கம்பெனிக்குள் நுழைவதற்குள் பாதி உசிர் போய்விடும். ஆனால் அங்கே அவன் ‘காளிச்சாமியண்ணன்’. கேன்டீனில் யார் பக்கத்திலும் உட்காரலாம். சாயங்காலம் ஊரில் இறங்கினால் டீக்கடையில் அவன் ஆளுகளுக்கென்று தனியாக வைத்த டம்ளர். தோட்டத்துக்காரர் வீட்டுப் பொடியன்கூட ‘டேய் காளி’ என்பான்.

“டேய்ன்னு கேக்கறதுக்கா தெனமும் திரும்பி வாரீங்க? டவுனுக்கே போயிரலாமுங்க” என்று மனைவி மாசாணியம்மாள் நச்சரித்தாள். மகள் வர்ஷினியை ஜூனில் பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டும்.

கூட வேலை பார்க்கும் சரவணன், மதியத்தில் காளிச்சாமியின் டிபன் பாக்ஸில் கைவிட்டுக் கருவாடு எடுத்துத் தின்கிறவன், ஒரு வழி சொன்னான்.

“சிங்காநல்லூர்ல எங்க சின்னம்மா ஊடு காலியா கெடக்குதுங்ணா. நான் அனுப்பிச்சேன்னு சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனார்கள். சின்னம்மா ரங்கம்மாள் வாசலுக்கே வந்து, “வாங்க, வாங்க, சரவணன் சொன்னானுங்க” என்று மோர் கொடுத்தாள். “கண்ணு, பேரென்ன?” என்று வர்ஷினியை மடியில் இருத்திக்கொண்டாள். ரெண்டு ரூம், உள்ளேயே குழாய். மாசாணி குழாயைத் திறந்து கை கழுவினாள். மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள்.

“ஊரு எதுங்க?”

“கிணத்துக்கடவுப் பக்கமுங்க.”

“அட, நம்ம சொந்தமெல்லாம் அங்கதான். நீங்களும் நம்மாளுக, கவுண்டமாருதானுங்களே?”

காளிச்சாமி வாயைத் திறக்குமுன், “ஆமாங்க” என்றுவிட்டாள் மாசாணி.

“எந்தக் கூட்டமுங்க?”

கவுண்டர் வீட்டில் சின்னக் குழந்தைகூடத் தன் கூட்டத்தின், அதாவது குலத்தின், பேரைச் சட்டென்று சொல்லிவிடும். மாசாணி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

ரங்கம்மாள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. குழந்தையை மட்டும் மடியிலிருந்து இறக்கிவிட்டாள். “மறந்தே போயிட்டனுங்க. எங்கண்ணன் மகன் இந்த ஊட்டுக்கு வாரேன்னு சொல்லியிருக்கறானுங்க. கோவிச்சுக்காதீங்க.” ஒரு ‘ங்க’கூடக் குறையவில்லை.

பஸ் ஸ்டாப்பில் காளிச்சாமி வெடித்தான். “எதுக்குடி பொய் சொன்னே?”

“நெசத்தச் சொல்லியிருந்தா சாவியக் குடுத்திருப்பாளாக்கு?”

அவன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்த பஸ்ஸில் ஏறினான்.

மறுநாள் கேன்டீனில் சரவணன் வழக்கம்போலப் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். “முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்ணா? வேற எடம் பாத்துக் குடுத்திருப்பேன். எனக்கு அதெல்லாம் ஒண்ணும் வித்தியாசமில்லீங்ணா.”

காளிச்சாமி டிபன் பாக்ஸை அவன் பக்கம் நகர்த்தினான்.

“இன்னைக்கு வயிறு சரியில்லீங்ணா” என்றான் சரவணன்.

காளிச்சாமி பாதிச் சாப்பாட்டிலேயே பாக்ஸை மூடினான். அன்று சாயங்கால பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரு காரணமும் இல்லாமல் சண்டை போட்டான்.

ஜூனில் மாசாணி உக்கடத்துக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தில் மகளைச் சேர்த்துவிட்டாள். “ஊடு குடுக்காட்டிப் போறாங்க. பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டேன்னு சொல்ல முடியாதில்ல?”

அன்றுமுதல் மூவருமே பஸ்ஸில் போய்வந்தார்கள். மகளை விட்டுவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினால் கட்டுப்படியாகாது. பள்ளி விடும்வரை மாசாணி டு-லெட் போர்டு தொங்கும் தெருக்களில் நடந்தாள். ஏறிய வீடுகளிலெல்லாம், “அம்மணி, எந்தப் பக்கமுங்க?” என்று இனிக்க இனிக்கக் கேட்டார்கள். ஊரைச் சொன்ன கையோடு, அடுத்த கேள்விக்குக் காத்திராமல், தாங்கள் என்ன ஆளுக என்பதையும் அவளே சொன்னாள். சிலர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். பலர் அதுவும் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் உக்கடத்தில் ஊர் பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, “போதும் விடு மாசாணி, செருப்புத் தேஞ்சதுதான் மிச்சம்” என்றான் காளிச்சாமி.

“நாளைக்குச் சிங்காநல்லூர் போற வழியில ராமநாதபுரத்துப் பக்கம் பாக்கோணும்” என்றாள் அவள்.