காப்பறையில் கிடந்த மாத்திரைகள்

“எங்க அண்ணனோட மாத்திரையைக் குடுங்க” என்று டோக்கனை நீட்டினாள் தங்கை.

காப்பறைக்காரர் கையில் யாருடைய செருப்போடோ அப்படியே நின்றார். இதை மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடாதே என்று பஸ்ஸிலேயே அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இந்தத் தலத்துக்குள் மருந்து நுழையக் கூடாது. செருப்பு, செல்போனோடு அதையும் வாசல் காப்பறையில் ஒப்படைத்துவிட வேண்டும். திரும்பக் கேட்டால் நம்பிக்கை போச்சு என்று அர்த்தமாம். அவருக்குப் பின்னால் அலமாரி முழுக்க, யாரும் கேட்காத மருந்துப் பைகள்.

டோக்கன் வாங்கியவரே நேரில் வரணும் என்றார் அவர். வரக்கூடிய நிலையில் இருந்தால் அவள் ஏன் கேட்கப் போகிறாள்?

மாத்திரை நின்றதும் அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. நேற்றிலிருந்து தண்ணீரும் இல்லை. உலகத்துப் பாவமெல்லாம் தன் தொண்டையில் நிற்கிறதாம், விழுங்கினால் எல்லார் வீட்டுக்குள்ளும் இறங்கிவிடுமாம். அவள் வெறுங்கையோடு விடுதிக்குத் திரும்பியபோது, கட்டிலில் உதடு வெடித்து உட்கார்ந்திருந்தான். அவன் காலைத் தொட வராந்தா வரைக்கும் வரிசை. ஊரில் ‘கழண்ட கேஸ்’, இங்கே சாமி.

“முதல் தடவையா என் பிள்ளையை நாலு பேர் கும்பிடுறாங்க. உனக்குப் பொறுக்கலையா?” என்றாள் அம்மா.

“கும்பிடுறவங்க ஒரு மடக்குத் தண்ணி குடிக்க வெச்சாங்களா?”

“படிச்ச திமிரு.”

“திமிருதான். நம்ம வீட்டுல முதல்ல படிச்சவ நான், எனக்கில்லாம யாருக்கு?”

விடுதி மேனேஜர் நைசாக ஒரு வழி சொன்னார். மண்டியிட்டு, ‘குடிக்கச் சொல்லி மேலிருந்து ஆணை வந்திருக்கு’ என்றால் குடித்துவிடுவானாம்.

“இன்னிக்கு ஆணைன்னு தண்ணி குடிப்பான். நாளைக்கு ஆணைன்னு மொட்டை மாடியிலேருந்து குதிப்பான். அப்ப நீங்க பிடிப்பீங்களா?”

டம்ளரை அவளே நீட்டினாள். “அண்ணா, நான்தான். குடி.”

அவன் முகம் ஒரு கணம் பழைய முகமானது. “தள்ளி நில்லு பாப்பா. உன்மேல பட்டுடப் போகுது.”

இத்தனை பாவத்துக்கு நடுவிலும் அவளைக் காப்பாற்றத்தான் பார்க்கிறான். அதற்கு மேல் அவளுக்கு யோசிக்க எதுவும் இல்லை. டம்ளரை வைத்துவிட்டு, “டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன்” என்று எழுந்தாள்.

டாக்டரைக் கூட்டி வந்தால் நீ என் பொண்ணே இல்லை என்றாள் அம்மா.

“சரிம்மா. அவன் உயிரோட இருந்து, ரெண்டு பேருமா வந்து உங்ககிட்ட திட்டு வாங்கிக்கிறோம்.”

தான் அழைத்து வரும் ஆம்புலன்ஸ் உள்ளே வர கேட்டைத் திறந்து வைக்கும்படி மேனேஜரிடம் சொன்னாள். வரிசையை விலக்கிக்கொண்டு, வெயிலில் ஆஸ்பத்திரி இருக்கும் பக்கமாக நடந்தாள்.