தண்ணீர்த் திருடன்

மறுபடியும் கோடுகள்!

இல்வா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். ஆய்வக ஜன்னலுக்கு வெளியே லுண்ட் நகரத்துக் காற்று சைக்கிள்களைத் தள்ளிச் சாய்த்துக்கொண்டிருந்தது.

சோப்பு மாதிரியான அவளுடைய மூலக்கூறுகள் தண்ணீருக்குள் தாமாகவே உருளை உருளையாகத் திரண்டு, தேன்கூடு போல அடுக்கிக்கொள்ளும். நுண்ணோக்கியில் அவை வண்ண விசிறிகள். அந்த அடுக்கு கலையாமல் புற ஊதா விளக்கால் பிளாஸ்டிக்காகப் பூட்ட வேண்டும். போன வாரம் பூட்டியது. இன்று இரண்டாவது முறையும் விசிறிகளைக் காணோம். எண்ணெய் தடவிய தடம் போல வெறும் கோடுகள்.

அடுக்கை அளக்கும் எக்ஸ்ரே கருவி மதியம் அவள் முறை. தவறவிட்டால் இலையுதிர் காலம்தான். அவள் வேலையோ கோடையோடு முடிகிறது.

"ஃபீகா!" டோர்கெல் தலையை நீட்டினான். பக்கத்து மேஜைக்காரன், அடுத்த வேலைக்கு அவளோடு போட்டி. "காபிக்கு வரலைன்னா ஆள் செத்துட்டான்னு முடிவு பண்ணிடுவாங்கடி."

"என் சாம்பிள்ல கை வச்சியா?"

அவன் சிரிப்பு நின்றது. "என்ன கேக்குற?"

"நேத்து கடைசியா இங்க இருந்தது நீதானே?"

"சாம்பிளைத் தொடல. நைட்ரஜனைக் கூட்டி வச்சேன். ஆக்சிஜன் மிச்சம் இருந்தா இறுக மாட்டேங்குதுன்னு மீட்டிங்ல மூக்கைச் சிந்தினது யாரு? உதவி பண்ணது தப்பா?"

இல்வா நைட்ரஜன் குழாயையே பார்த்தாள். சிலிண்டரிலிருந்து சீறி வருவது எலும்பு வரை காய்ந்த வாயு. கீழே மயிரிழை கனத்தில் அவள் படலம். தண்ணீர் குறைந்தால் உருளைகள் தட்டைத் தகடுகளாகிவிடும்; கோடுகளாகத் தெரியும். விளக்கு, கலைந்து போனதைத்தான் ஒழுங்காகப் பூட்டியிருக்கிறது!

"கேஸ்தான் தண்ணியைத் திருடியிருக்கு. தண்ணி வழியா விட்டு ஈரமாக்கணும். அந்த பாட்டிலை எடு!"

"காபி...?"

"டேய்!"

புதுப் படலம். பாட்டிலுக்குள் வாயு குமிழியிட்டது. விளக்கு எரிந்தது. இல்வா நகத்தைக் கடித்தாள். டோர்கெல் மேஜையில் தாளம் போட்டு, அவள் முறைத்ததும் நிறுத்தினான்.

விளக்கை அணைத்துப் பார்த்தாள். விசிறிகள்!

"பூட்டிச்சா, சும்மா நிக்குதா?" என்றான் டோர்கெல்.

அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். பூட்டாதது என்றால் கரைந்தோடிவிடும்.

நிறங்கள் அசையவில்லை.

டோர்கெல் அவளை இடித்துக்கொண்டு குனிந்தான். "அடிப்பாவி, நிக்குது! என்னைத் திருடன்னு நெனச்சதுக்கு நாளைக்கு எல்லாருக்கும் நீதான் பன் சுட்டுக் கொண்டு வரணும்."

அதற்குள் படலத்தை ஈரப் பஞ்சோடு டப்பாவில் மூடிக்கொண்டு, இல்வா எக்ஸ்ரே அறைக்குப் படிக்கட்டில் பாதி தூரம் போயிருந்தாள்.