ஏழு தந்தையர் கட்சி

ஏழு தந்தையர் கட்சியின் முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துபோனவர்கள். சோவியத் கொடி இறங்கிய மறு வருஷம், நாரின் நகரத்துக் கம்பளிக் கிடங்கு ஒன்றில் குபாத் என்பவர் கட்சியைத் தொடங்கினார். தன் ஏழு தலைமுறைத் தந்தையரின் பெயர் தெரியாதவன் கிர்கிஸ் அல்ல என்பது அந்த மலைநாட்டில் பால்குடி மறக்கும் முன்பே ஊட்டப்படுகிற பாடம். அதையே அவர் கட்சியில் சேரும் விதியாக்கினார். அவர் தன் முன்னோர் பெயரைச் சொல்லச் சொல்ல அவர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கம்பளித் தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து தேநீர் கேட்டார்கள். இரவல் பெயர் சொன்ன ஒருவனுக்கு மட்டும் யாரும் வரவில்லை. அவன் அதன்பின் ஊரில் தலைகாட்டவில்லை.

செத்தவர்களுக்கு ஓட்டு இல்லையென்றாலும் கூட்டம் காட்ட உதவினார்கள். கட்சி வளர்ந்தது, உடைந்தது, மறுபடி ஒட்டியது, ஒரு மந்திரியைப் பெற்றது, அவர் கம்பி எண்ணப் போனார். தலைநகரில் ஆட்சி கவிழ்ந்த இரண்டு வசந்தங்களிலும் கிடங்கின் முன்னோர்கள் பழைய மேய்ச்சல் நிலத் தகராறைப் பேசிக்கொண்டு அசையாமல் இருந்தார்கள்.

இத்தனை காலமும் மேடைப் பேச்சுகளை எழுதிக் கொடுத்தவர் ஒர்மோன். ‘தூய ரத்தம்’ என்று எழுதினால் கைதட்டல் நிச்சயம் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். ஆனால் அவர் மட்டும் பெயர் சொன்னதே இல்லை. சேர்ந்த அன்று தொண்டை கட்டியிருந்தது. பிறகு யாரும் கேட்கவில்லை. அவருடைய அப்பா சாகும்போது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜார் ஆட்சியை எதிர்த்த கலவர வருஷத்தில் ஜனங்கள் சீனத்துக்குத் தப்பி ஓடும்போது, எரிந்த ரஷ்யக் குடியிருப்பொன்றில் அழுதுகொண்டிருந்த பிள்ளையைப் போரோன்பாய் என்பவர் சேணத்தில் தூக்கி வைத்துக் கணவாயைக் கடந்தார். அந்தப் பிள்ளைதான் ஒர்மோனின் தாத்தா தாபில்டி. பெற்றவன் பெயர் யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து கிடங்குக் கதவு கிறீச்சிட்டாலே ஒர்மோன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பார்.

இந்தத் தேர்தலில் வேட்பாளர்கள் எல்லோரும் ஊரறியப் பெயர் சொல்ல வேண்டும் என்றார் குபாத். பட்டியலில் இரண்டாவதாக ஒர்மோன் இருந்தார்.

“சளி பிடிச்சிருக்குன்னு சொல்லிடுங்க,” என்றாள் மனைவி புருல்.

“இருபது வருஷமா எனக்கு சளிதான்டி. இனியும் சொன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போவாங்க.”

“போரோன்பாய் வரலன்னா?”

“நாம இந்த ஊர்ல இருக்க முடியாது.”

சதுக்கத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு, வாசலுக்கு நேர் எதிரே உள்ள மரியாதை இடத்தில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். ஒர்மோன் அப்பாவின் பெயரைச் சொன்னார், அப்பா வந்தார். தாபில்டி என்றார், வெள்ளைத் தாடியும் நீலக் கண்ணுமாகத் தாத்தா வந்து உட்கார்ந்தார். மூன்றாவதாகப் போரோன்பாய் பெயரைச் சொன்னதும் வாசல் வெறுமையாக இருந்தது. கூட்டம் தொண்டையைக் கனைத்தது. ஒர்மோன் பெயரை மறுபடி சொன்னார்.

“என்ன தம்பி, உங்காளுக்கு வழி தெரியலயா? குதிரை அனுப்பட்டுமா?” என்றார் குபாத்.

அப்போது வாசல் திரையை விலக்கிக்கொண்டு போரோன்பாய் வந்தார். வரத் தயங்கிய ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்ததில் தாமதமாகியிருந்தது. பாதி எரிந்த சட்டை, ரஷ்ய உழவனின் பூட்ஸ், செம்பட்டைத் தாடி. முப்பது வயதுகூட இருக்காது. அவன் யாரையும் பார்க்கவில்லை. முழங்கால் உயரத்தில் எதையோ தேடுகிறவனாகக் கூட்டத்தினரின் கால்களுக்கு நடுவே குனிந்து குனிந்து பார்த்தான். தாபில்டி எழுந்தார். எண்பது வயதில் செத்த அந்த மனிதர் மெல்ல நடந்துபோய், தன் பேரனைவிட இளையவனான அவன் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவன் அந்தக் கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கிழவரை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். ஒர்மோன் வாய்விட்டு அழுதார்.

போரோன்பாய் இருவரையும் மரியாதை இடத்தில் உட்கார வைத்துவிட்டுத் தான் கீழே உட்கார்ந்தார். மிச்சப் பெயர்களை யாரும் கேட்கவில்லை. அன்று மாலையே பட்டியலிலிருந்து ஒர்மோனை எடுத்துவிட்டார்கள். கட்சி அந்தத் தேர்தலில் சில ஆயிரம் ஓட்டில் தோற்றது, அடுத்ததில் ஜெயித்தது. செம்பட்டைத் தாடிக்காரன் கிடங்குக்கும் வந்து, தூங்கும் கிழவரை மடியில் வைத்துக்கொண்டு நடு இடத்தில் உட்கார்ந்துவிட்டான்; எழுந்துபோ என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. பேச்சாளர்கள் ‘தூய ரத்தம்’ வரும் இடத்தில் கிழவர் விழித்துவிடாதபடி குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.